தவிட்டுக்குப் போன பிள்ளை

1

என் மகனை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது.

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். அங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அன்று காலை கையுறையைக்கூடக் கழற்றவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் புதிதில்லை. நாற்காலியிலிருந்து விழுந்தான், பக்கத்துப் பையனின் சாப்பாட்டு டப்பாவைக் கூரைமேல் எறிந்தான், தீயணைப்பு மணியை இழுத்துவிட்டான் என்று மாதத்துக்கு ஒரு செய்தியாவது வரும். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. உடனே வரவேண்டும், குழந்தைகள் நலத்துறையிலிருந்தும் ஒருவர் வந்திருக்கிறார் என்றார்கள்.

நலத்துறைப் பெண்மணியின் பெயர் லிண்டா. என் வயதுதான் இருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"கோடை விடுமுறையில் உங்கள் மகன் எங்கே இருந்தான்?"

"இந்தியாவில். அவன் அப்பாவிடம்."

"அங்கே அவனை யாருக்காவது விற்றார்களா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. லிண்டா அதையும் எழுதிக்கொண்டார்.

நடந்தது இதுதான். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி கடற்கரைக்குப் போனேன் என்றாள். ஒருவன் ஏரியில் மீன் பிடித்தேன் என்றான். என் மகன் எழுந்து நின்று, "என் அப்பா என்னை விற்றுவிட்டார். ஒரு அம்மா என்னை வாங்கினாங்க. எனக்குக் கொடுத்த விலையை மாடு தின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன விலை என்று ஆசிரியை கேட்டதற்கு ஒரு சொல் சொன்னானாம். லிண்டா தன் குறிப்பைப் பார்த்து அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"தவுடு. இது எந்த நாட்டுப் பணம்?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

2

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை அடிக்கடி நோவில் விழுந்தாலோ, அதன் போக்கு சரியில்லை என்று தோன்றினாலோ, அதை இன்னொரு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது ஒரு வழக்கம். வாங்குகிறவர் ஒரு முறம் தவிடு கொடுப்பார். பெற்றவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து அது அவர்கள் வீட்டுப் பிள்ளை. சாப்பிடுவதும் தூங்குவதும் பெற்றவர்கள் வீட்டில்தான். பிள்ளையைப் பிடித்த பீடை பழைய விலாசத்தில் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று நம்பிக்கை. வேறு சாதி, வேறு மதத்து வீடாக இருந்தால் இன்னும் நல்லது. பீடைக்கு விலாசமே கிடைக்காது. பிறகு ஒரு நல்ல நாளில் தாயும் தகப்பனும் சேர்ந்து நின்று, முறத்தில் தவிடு கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள்.

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

சொன்னேன். இது உண்மையான விற்பனை இல்லை, சும்மா ஒரு சடங்கு என்றேன். "அப்படியானால் பொருள் கைமாறவில்லையா?" என்றார் லிண்டா. தவிடு கைமாறியது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வாங்கியவர் யார் என்றார். ஓசூரில் எங்கள் தெருவில் இருக்கிறவராகத்தான் இருக்கும் என்றேன். "இருக்கும் என்றால்? உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. என்னைக் கேட்டுச் செய்யவில்லை. "பிள்ளை இப்போது சட்டப்படி யாருடையது என்று உங்கள் கணவர் நினைக்கிறார்?" எனக்குப் பதற்றம் தலைக்கேறியது. பதற்றத்தில் என் ஆங்கிலம் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் போய்விடும். "கவலைப்படாதீர்கள், சீக்கிரம் திருப்பி வாங்கிவிடுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

லிண்டா எழுதுவதை நிறுத்திப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

கடைசியில் பள்ளி முதல்வர் தலையிட்டார். இந்தப் பையனின் மருத்துவ விஷயம் வசந்த காலத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருக்கிறது, தாய் ஒன்று சொல்கிறார், தந்தை ஒன்று சொல்கிறார் என்று எடுத்துச் சொன்னார். லிண்டா சொன்ன முடிவை இன்றும் வரி மாறாமல் சொல்ல முடியும். "பெற்றோர் இருவரும் சேர்ந்து, இவனுக்கு என்ன சிகிச்சை என்று குளிர்கால விடுமுறை முடிவதற்குள் சொல்லுங்கள். நீங்கள் சொல்லவில்லை என்றால் நாங்கள் சொல்ல வேண்டிவரும்."

வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஊரில் என்றால் யாராவது வந்து என்னம்மா என்று கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவர் வந்து, வண்டியை எடுக்கப்போகிறீர்களா, இடம் வேண்டும் என்று கேட்டார்.

3

என் மகன் தினேஷைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயது. இங்கே பள்ளியில் அவன் பெயர் டீன். அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டான். என்னிடம் சொன்னதுகூட அவன் இல்லை, அவன் புத்தகப் பைமேல் எழுதியிருந்த எழுத்து.

ஒரு காலில் சாக்ஸைப் போட்டவன் மறு சாக்ஸோடு ஜன்னலில் நிற்பான். ஜன்னலுக்கு வெளியே அணில் தெரிந்தால் கதவைத் திறந்துகொண்டு பனியில் ஓடுவான். பாதி தோசையில் எழுந்து போய் கடிகாரத்தைப் பிரிப்பான். அந்தக் கடிகாரத்தை மறுபடி சேர்க்கவும் அவனுக்குத் தெரியும், ஆனால் அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டுவிடும். காலையில் எழுந்ததிலிருந்து மஞ்சள் பேருந்து வரும்வரை என் பேச்சு 'டேய்' என்று ஆரம்பித்து 'டேய்' என்றே முடியும். பேருந்து போன பிறகு சமையலறையில் நின்று ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் இருப்பேன்.

மருத்துவர் பல வாரம் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பு அடங்காது, தோன்றியதைச் செய்துவிட்டுத்தான் யோசிக்கவே செய்வான், இதில் அவன் குற்றம் எதுவும் இல்லை என்று விளக்கினார். ஒரு மாத்திரை சொன்னார். முதலில் எனக்கும் பயம்தான். பள்ளியில் மதிய மணி அடித்ததும் நர்ஸ் அறை வாசலில் பிள்ளைகள் மாத்திரைக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது பகீரென்றது. பிறகு என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டேன், படித்தேன், மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சண்டை பிடித்தேன். கொடுத்துப் பார்க்கலாம் என்று மனம் வந்தது.

மனம் வந்தால் போதாது. நானும் என் கணவர் முனிராஜுவும் பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில், பிள்ளையின் மருத்துவம் பற்றிய முடிவு இருவருடையது என்று ஒரு வரி உண்டு.

நாங்கள் பிரிந்த கதையில் வில்லன் கிடையாது. அவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில், கருவிகள் செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்தவர். தெலுங்கு பேசும் வீடு. நான் கிருஷ்ணகிரித் தமிழ். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவரும் கூடவே வந்தார். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது. நூலிழை பிசகாமல் இரும்பு கடைந்த கைக்கு அட்டைப் பெட்டி. ஒரு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாவது குளிர்காலம் வருவதற்குள் ஓசூருக்கே, பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். அவருக்கு இங்கே மூச்சு முட்டியது, எனக்கு அங்கே. பிள்ளை என்னோடு தங்கினான்.

மாத்திரை பற்றித் தொலைபேசியில் சொன்னபோது குதித்தார். "மூளைக்கு மாத்திரையா? அவன் ஓடற பிள்ளை, ஓடுவான். நான் அந்த வயசுல பாகலூர் ரோட்டுல லாரிக்குப் பின்னாடி தொங்கிக்கினு போனவன். எனக்கு யாரு மாத்திர குடுத்தாங்க?"

"உங்களுக்கு உங்க நைனா பெல்ட்டு குடுத்தாரு. நீங்கதான் சொன்னீங்க."

"அதனால கெட்டா போயிட்டேன்? லீவுக்கு அவன எங்கிட்ட அனுப்பு. மாத்திர இல்லாமலே நான் சரி பண்ணிக் காட்டறேன்."

அனுப்பினேன். அவர் சரிபண்ணிக் காட்டிய விதம்தான் அந்தத் தவிடு.

4

முனிராஜு வீட்டில் தொலைபேசி இல்லை. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா வீட்டுக்குத்தான் பேசவேண்டும். அவர் கணவருக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி இருப்பதால் வீட்டில் தொலைபேசி உண்டு. பல வருடமாக அந்த எண்ணுக்குத்தான் பேசிவருகிறேன். எப்போது பேசினாலும் "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்பார், பிறகு வாசலுக்குப் போய் முனிராஜுவைக் கூப்பிடுவார்.

சனிக்கிழமை, இங்கே காலை, அங்கே மாலை. மும்தாஜ் அக்காதான் எடுத்தார்.

"வசந்தாவா? என்னாம்மா, எம் பிள்ளை எப்படி இருக்கான்?"

எப்போதும் 'தம்பி' என்பவர் இன்று 'எம் பிள்ளை' என்றார். "மும்தாஜ்க்கா, வாங்குனது நீங்களா?"

"பின்ன வேற யாரு? உன் நாத்தனா வந்து வாசல்ல நின்னு அழுவுறா. எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது, உனக்கே தெரியும். ஆனா ஒரு பொம்பள அழுதுக்கினு பிள்ளைய நீட்டுனா நான் இன்னா பண்றது? சரி குடுன்னு வாங்கிக்கினேன். மொறம் நெறயப் போட்டேன்மா தவுடு, கொற வெக்கல. உனக்குச் சொல்லலியா அவங்க?"

சொல்லவில்லை. அந்த நாத்தனார் ராஜம்மா, முனிராஜுவின் அக்கா, எனக்கு அண்ணி. பக்கத்து வீட்டிலேயே ஒரு பசுமாட்டோடு இருக்கிறார். விலையைத் தின்ற மாடு அதுதான்.

முனிராஜு வந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்கு நகைச்சுவையாக இருந்தது.

"நான் எங்கடி நம்புனேன்? அக்கா கெஞ்சிச்சு, செஞ்சேன். அத போய் ஸ்கூல்ல சொன்னானா?"

"ஆபீஸ்காரங்க வந்துட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவு சொல்லலன்னா, அப்புறம் அவன் விஷயம் அவங்க கைக்குப் போயிடும். பிள்ளையையே எடுத்துக்கினு போனாலும் போவாங்க, புரியுதா?"

"எவன் எடுத்துக்கினு போவான்? எம் பிள்ளைய?"

"உங்க பிள்ளையா? நீங்கதான் வித்துட்டீங்களே."

இந்த மனிதரைப் பல வருடமாக அறிவேன். மைக்ரோமீட்டர் காட்டாததை நம்பாத ஆள். அவர் போய் முறத்தை நீட்டித் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. எவ்வளவு பயந்திருந்தால் அதைச் செய்திருப்பார் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. எனக்கு மாத்திரை, அவருக்குத் தவிடு. இரண்டு பேரும் ஒரே பயத்தில்தான் இருந்திருக்கிறோம்.

"நீ கூட்டிக்கினு வா," என்றார் கடைசியில். "மீக்கறதுக்குத் தாயும் நிக்கணும். அதுவரைக்கும் எதுவும் பேச வேணாம்."

5

குளிர்கால விடுமுறை ஆரம்பித்ததும் கிளம்பினோம். சென்னையில் இறங்கி ரயிலில் பெங்களூர், அங்கிருந்து பஸ். அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் தினேஷ் நடத்துநரிடம் கன்னடமும், பக்கத்து சீட்டு அம்மாளிடம் தெலுங்கும், என்னிடம் தமிழும் பேசினான். ஓட்டுநர் பக்கத்தில் போய்க் கியரைத் தொட்டுவிட்டு வந்தான். ஒஹாயோவில் இதற்கு எனக்குத் தொலைபேசி வந்திருக்கும். இங்கே ஓட்டுநர் அவனுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார்.

ஓசூரில் பனி மூடியிருந்தது. ஒஹாயோவின் உறைபனியைச் சொல்லவில்லை. முருங்கை மரம் பாதி தெரியும், பாதி தெரியாது, அந்தப் பனி. முனிராஜு கம்பளிக் குல்லாயோடு நின்றிருந்தார். இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல், "பஸ்ல கூட்டமா?" என்று அவரும், "பரவால்ல" என்று நானும் சொல்லி முடித்துக்கொண்டோம்.

முதல் நாளே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. தினேஷ் ரேடியோவின் பின்மூடியைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தான். முனிராஜு பார்த்துவிட்டார். பழைய முனிராஜு என்றால் வாய் திறப்பதற்கு முன் கை போய்ச் சேர்ந்திருக்கும். கை மேலே போனது. அப்படியே பின்னால் போய் முதுகைச் சொறிந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று மத்தியானம் குழம்புச் சட்டியை எட்டிப் பார்க்கிறேன் என்று முழுவதையும் அடுப்பங்கரையில் கவிழ்த்தான். "டேய்! உனக்கு எத்தன தடவ..." என்று நான் ஆரம்பித்ததும் ராஜம்மா அண்ணி என் வாயைப் பொத்தாத குறையாக ஓடிவந்தார்.

"வசந்தா, ஒத்து ஒத்து, வேணாம்! வித்த பிள்ளைய கை நீட்டவும் கூடாது, வாய் நீட்டவும் கூடாது. அது மும்தாஜ் வூட்டுப் பிள்ளை. கேக்கறதுன்னா அவதான் கேக்கணும்."

"அவங்க கேக்கறாங்களா?"

"அவ எங்க கேப்பா? அடுத்தவங்க பிள்ளைய எப்படித் திட்டறதுங்கறா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தூக்கிவாரியும் போட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில், இவனைத் திட்டும் உரிமை யாருக்கும் இல்லாமல் போயிருக்கிறது. கோடை முழுவதும் ஒருவரும் இவனை ஒரு சொல் சொல்லவில்லை.

அதனால் அவன் அடங்கிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். அடங்கவில்லை. ரேடியோ பிரிந்தபடியே கிடந்தது. வீட்டுப்பாடம் என்று கொண்டுவந்த புத்தகம் பையிலிருந்து வெளியே வரவில்லை. குழம்பைத் துடைக்கிறேன் என்று துணி எடுக்கப் போனவன் கன்றுக்குட்டியோடு தெருவில் நின்றான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. சட்டி கவிழ்ந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு முகத்தை முழங்கையால் மறைப்பானே, அதை அவன் செய்யவில்லை. அவனுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது என்பதையே, அது இல்லாமல் போனபோதுதான் கவனித்தேன்.

6

சம்மதப் படிவத்தை நீட்டி மாத்திரைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் முனிராஜு நழுவினார். மீட்டு முடியட்டும் என்பார். எனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. ஒஹாயோவுக்குத் திரும்பும்போது கையில் முடிவு இல்லை என்றால் லிண்டாவிடம் என்ன சொல்வது என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், நைனா வேலை செய்யும் கம்பெனி வாசலைப் பார்க்கவேண்டும் என்று தினேஷ் பிடிவாதம் பிடித்தான். முதல் ஷிப்டு விடும் நேரத்துக்குக் கூட்டிப்போனேன். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கம்பெனி வாசல். கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சங்கு ஊதியது. கதவு திறந்து ஆட்கள் சைக்கிளும் டிபன் பையுமாக வெளியே வந்தார்கள். கூட்டத்தில் முனிராஜுவின் தலை தெரிந்தது.

"நைனா!"

என் கை வெறுமையாக இருந்தது. அவன் நடு ரோட்டில் இருந்தான். பர்கூர்ப் பக்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி. பிரேக் சத்தம் மட்டும்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. லாரி நின்றபோது அதன் முன்பக்கத்துக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருந்தது. மேலே சங்கிலி போட்டுக் கட்டிய கருங்கல் பாளங்கள் முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்து நின்றன.

ஓட்டுநர் இறங்கி வந்து கன்னடத்தில் திட்டினார். தினேஷைத் திட்டும் உரிமை அன்றைக்கு அவருக்கு ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் அதில் மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

முனிராஜு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். கை ஓங்கியபடி வந்த மனிதர், அந்தக் கையாலேயே அவன் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். தினேஷ் அவர் தோள்மேலிருந்து, "அந்த லாரிக்கு எத்தன சக்கரம் நைனா?" என்று கேட்டான். தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குத் தெரியவே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயைத் தொடவில்லை.

"வசந்தா. அந்த மாத்திர போட்டா நிப்பானா?"

"நிப்பான்னு சொல்ல முடியாது. ஓடறதுக்கு முன்னால நெனச்சுப் பாக்க ஒரு விநாடி கெடைக்குமாம். டாக்டர் அவ்வளவுதான் சொன்னாரு."

"ஒரு விநாடி போதும்."

பிறகு சொன்னார்: "கையெழுத்து போடறேன். ஆனா நாளைக்குக் காலையில மொதல்ல மீட்டுடணும். அடுத்தவங்க பிள்ளைக்கு மாத்திர குடுக்க நான் எப்படிக் கையெழுத்து போடறது?"

நம்பாத ஆள்தான் இதைச் சொன்னார். நானும், பல வருடமாக ஆய்வுக்கூடத்தில் குப்பி குலுக்குகிறவள், அது நியாயம்தானே என்று தலையாட்டினேன்.

7

மறுநாள் காலை எட்டு மணிக்கு மும்தாஜ் அக்கா வீட்டு வாசல். அவர் குளித்து, புதுப் புடவை கட்டியிருந்தார். தினேஷுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தார். "எம் பிள்ளைய சும்மா அனுப்புவனா?" என்றார். அவர் சிரித்தாலும் கண் சிவந்திருந்தது.

ராஜம்மா அண்ணி முறத்தில் தவிட்டைக் கொட்டி எங்கள் கையில் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடிக்கவேண்டும். பிரிந்த பிறகு நாங்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. அவர் சட்டையில் டூல்ரூம் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு இளகியது. எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நினைத்தேன். சடங்கு, பிறகு கையெழுத்து, பிறகு விமானம்.

வழக்கப்படி, வாங்கியவர் பிள்ளையைக் கேட்கவேண்டும். பிள்ளை தாய் தகப்பன் பெயரைச் சொன்னதும் அவர்கள் பக்கம் அனுப்பிவிடவேண்டும். மும்தாஜ் அக்கா தினேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நீ யாரு வூட்டுப் பிள்ளை?"

"உங்க வூட்டுப் பிள்ளை," என்றான்.

எல்லோரும் சிரித்தோம். ராஜம்மா அண்ணி தெலுங்கில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மும்தாஜ் அக்கா மறுபடியும் கேட்டார்.

"உங்க வூட்டுப் பிள்ளை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "டேய் தினேஷ், வெளையாடாத" என்றேன். என் குரல் உயர்வதை நானே கேட்டேன். அவன் மும்தாஜ் அக்காவின் பின்னால் ஒரு அடி நகர்ந்தான். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை அன்று ஆடாமல் அசையாமல் நின்றான்.

"அம்மா, மாத்திர நான் போட்டுக்கறேன். டெய்லி போட்டுக்கறேன். கசந்தாலும் போட்டுக்கறேன். ஆனா என்ன வாங்காதீங்க."

"ஏன்டா?" என்றார் முனிராஜு.

"வாங்கிட்டா நீ அடிப்ப. அம்மா திட்டும். இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

எனக்கு யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் பிள்ளையை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுகூட நான் இப்படி விறைத்துப் போகவில்லை.

முனிராஜு முந்திக்கொண்டு சொன்னார். "இனிமே அடிக்க மாட்டேன்டா, கண்ணு. சத்தியமா."

"முன்னாடியும் அப்படித்தான் சொன்ன, நைனா."

கோபமே இல்லாமல் சொன்னான். லாரிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டானே, அதே குரலில். நானும் ஏதாவது வாக்குக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான். என்னிடமிருந்து அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் முறம் சாய்ந்து தவிடு கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. யார் பக்கம் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மும்தாஜ் அக்கா அவன் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"அவன் பேருக்கு எம் பிள்ளையாவே இருந்துட்டுப் போட்டும், வுடுங்க. எம் பிள்ளைக்கு மாத்திர குடுக்க நான் சம்மதம் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து போடுங்க."

ராஜம்மா அண்ணி ஏதோ சொல்ல வந்தார், முனிராஜு வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு, ஒஹாயோவுக்குப் பிறகு, அத்தனை தொலைபேசிச் சண்டைக்கும் பிறகு, முதல்முறையாக என் சம்மதத்தைக் கேட்டார்.

"கீழ வெச்சிடலாமா, வசந்தா?"

"வெச்சிடலாம்."

இருவரும் சேர்ந்து குனிந்து முறத்தைத் தரையில் வைத்தோம். பிள்ளையை வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.